லூச்சோ பத்தீஸ்தியை எந்த வரிசையில் கேட்பது?

இத்தாலியப் பாப் இசையை அறிய விரும்புகிறவர்கள் லூச்சோ பத்தீஸ்தியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் 'புகழ்பெற்ற பாடல்கள்' தொகுப்பு ஒன்றை மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்டால், இனிய காதல் பாடல்களைத் தந்தவர் என்ற எண்ணமே மிஞ்சும். வெளிவந்த வரிசையில் ஆல்பம் ஆல்பமாகக் கேட்கும்போதுதான், 1943இல் போஜ்ஜோ புஸ்தோனே என்ற மலையூரில் பிறந்த இக்கலைஞர் கைவந்த பாணியைத் திரும்பத் திரும்பக் கைவிட்டுச் சென்ற துணிவு புலப்படும்.

முதலில் 1969ஆம் ஆண்டு இத்தாலியின் சான்ரேமோ பாடல் விழாவில் அவர் பாடிய 'உன் அவ்வென்தூரா'வைக் கேளுங்கள். ஒரே பாடலை இருவர் தனித்தனியே பாடும் அக்கால வழக்கப்படி, அதை அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'சோல்' இசைப் பாடகர் வில்சன் பிக்கெட்டும் அதே மேடையில் பாடினார். பத்தீஸ்தியின் கரகரப்பான, சற்றே உடைந்த குரல் அந்தச் சோல் இசைக்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்பது அப்போது விளங்கும்.

அடுத்து 1970, 1971ஆம் ஆண்டுகளின் இரண்டு பாடல்களில் நிதானமாகத் தங்க வேண்டும். பத்தீஸ்தி மெட்டமைத்த பிறகே அவருடைய பாடலாசிரியர் மொகோல் வரிகள் எழுதினார் என்பதால், முதல் முறை பொருளைத் தேடாமல் மெட்டை மட்டும் பின்தொடருங்கள். 'எமோட்சியோனி'யில் கிதாரும் வயலின்களும் சூழ நீளும் அடிகள் மெல்ல ஏறி, தலைப்புச் சொல்லில் வந்து இறங்குகின்றன. 'பென்சியேரி எ பரோலே'யில் அவருடைய குரலே இரண்டாகப் பிரிந்து, வெவ்வேறு வரிகளை ஒரே நேரத்தில் பாடுகிறது. ஒரு முறை ஒரு குரலையும், மறுமுறை மற்றதையும் பற்றிக்கொண்டு கேட்ட பின்னரே இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

1972இன் 'இல் மியோ காந்தோ லிபெரோ' எளிதாகவே மனத்தில் பதிந்துவிடும். அதைவிட 1974இன் 'ஆனிமா லத்தினா'வுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவது தகும். தென் அமெரிக்கப் பயணத்துக்குப் பின் உருவான அந்த ஆல்பத்தில், தாள வாத்தியங்களுக்கும் சின்தசைசருக்கும் அடியில் குரல் வேண்டுமென்றே தாழ்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. கேட்பவர் தாமாக முயன்று நெருங்கி வர வேண்டும் என்பதே நோக்கம். ஹெட்போனில் கேளுங்கள், குரலை மற்றொரு வாத்தியமாகக் கொள்ளுங்கள். என் மதிப்பில் அவருடைய உச்சம் இதுவே.

லண்டனில் பதிவான 1978இன் 'உனா தொன்னா பெர் அமீக்கோ' இனிமையானது. அதைக் கேட்க வழிகாட்டி வேண்டியதில்லை.

1980க்குப் பின் மொகோலைப் பிரிந்தவர், 1986 முதல் கவிஞர் பஸ்குவாலே பனெல்லாவுடன் ஐந்து ஆல்பங்களை உருவாக்கினார். கடைசியாக 1994இல் வந்த 'ஹெகல்' ஆல்பத்திலிருந்து இக்காலத்தைத் தொடங்க வேண்டாம். கதையோ பழகிய பல்லவியோ கிடைக்காமல் பலர் அங்கேயே விலகிவிடுகிறார்கள். மெட்டின் இனிமை இன்னும் தெளிவாக ஒலிக்கும் 1986இன் 'தொன் ஜொவான்னி'யே உரிய வாசல். அதன் பின் 1988இன் 'லப்பரென்சா'வுக்குச் சென்றால், சொற்கள் முன்னே செல்ல, இசை அவற்றைத் தொடர்ந்து வளைவதை உங்கள் காதே கண்டுகொள்ளும்.