சின்ன ஆபீஸ் சர்வருக்கு ஃபயர்வாலும் விபிஎன்னும்

அம்பத்தூர் எஸ்டேட்டிலோ பாரிமுனையிலோ பத்து பேர் வேலை செய்யும் ஆபீஸ், மூலையில் ஒரு விண்டோஸ் சர்வர், அதில் டாலி. முதலாளி வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க வேண்டும் என்றதும் பலர் ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப்புக்கான (தூரத்திலிருந்தே சர்வரின் திரையை இயக்கும் வசதி) வாசலை, இணையத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திறந்த போர்ட்டைத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் இணையத்தில் ஏராளம், பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே வந்துவிட்டால் மொத்தக் கணக்கையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். போர்ட் எண்ணை மாற்றி வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதலில் விபிஎன் (வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போகும் பூட்டிய தனிப்பாதை), அதற்குள்தான் ரிமோட் டெஸ்க்டாப். விபிஎன் மென்பொருளில் என் தேர்வு வயர்கார்டு.

ஃபயர்வாலுக்கு (இணையத்துக்கும் ஆபீஸுக்கும் நடுவே நிற்கும் காவல்), பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால், இரண்டு நெட்வொர்க் போர்ட் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளைப் போடுங்கள், இலவசம்தான். ஆள் இல்லையென்றால் ஃபோர்டிகேட், சோஃபோஸ் மாதிரி ரெடிமேட் ஃபயர்வால் பெட்டி வாங்கலாம், ஆனால் ரிச்சி தெருவில் விலை கேட்கும்போதே வருடாந்திர லைசென்ஸ் எவ்வளவு என்றும் கேட்டுவிடுங்கள், பெட்டி விலையை மட்டும் பார்த்து வாங்கினால் அடுத்த வருடம் கையைக் கடிக்கும். பெட்டியின் வேகத்தையும், அதன் பாதுகாப்புச் சோதனைகள் எல்லாம் ஓடும்போது எவ்வளவு என்று பாருங்கள்.

அப்புறம், ரவுட்டரின் வான் (WAN) ஐபி, அதாவது இணையப் பக்கம் அதற்குக் கிடைக்கும் முகவரி, 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அது இணைய நிறுவனம் பலருக்கும் பொதுவாகப் பகிரும் இணைப்பு, வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. இணைய நிறுவனத்திடம் ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்கே உரிய மாறாத முகவரி) கேளுங்கள், இல்லையென்றால் அது இல்லாமலே இணைத்துவிடும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை போதும்.

ஆளுக்கொரு கணக்கு, ஓடிபி கட்டாயம். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றைக்கே நீக்கிவிடுங்கள். பேக்கப் டிஸ்க்கை சர்வரிலேயே செருகி வைக்காதீர்கள், உள்ளே வந்தவர்கள் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள்.