ஹூஸ்டன் இரண்டாம் சுற்று: பழைய மையத்தை நம்பாதீர்கள்

ஹூஸ்டன் மேயர் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு விழாவிட்டால், முதல் இருவருக்கும் மறுபடி ஓட்டு. 2023-இல் நவம்பர் 7-க்குப் பின் டிசம்பர் 9.

நான் சறுக்கியது இடத்தில்தான். முதல் சுற்றில் ஓட்டுப் போட்ட மையம் இரண்டாம் சுற்றில் இல்லை. இப்போதெல்லாம் கிளம்பும் முன் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) வெளியிடும் புது மையப் பட்டியலைப் பார்த்துவிடுகிறேன். முன்கூட்டிய வாக்குப்பதிவு நாட்களிலேயே முடித்தும் விடுகிறேன்.

முதல் சுற்றைத் தவறவிட்டவரும் போடலாம். வாக்காளர் பதிவு மட்டும் இரண்டாம் சுற்றுக்கு 30 நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். அடையாளத்துக்குக் காட்டும் ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி 4 வருடம் தாண்டாவிட்டால் போதும் (70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அந்தக் கெடுவும் இல்லை). அதிலுள்ள முகவரி பழையதா? பரவாயில்லை. யாருக்கு ஓட்டு என்ற குறிப்பைக் கைபேசியில் வைக்காதீர்கள், உள்ளே கைபேசியை எடுத்துப் பார்க்க விடமாட்டார்கள். துண்டுக் காகிதம் போதும்.