ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் வாசிக்கத் திணறும் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் முறை

பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை, அதே பாடத்தின் நடுவில் ஒரு சொல்லில் விரல் வைத்து "இது என்ன?" என்று கேட்டால் விழிக்கிறதா? அதற்கு வாசிக்கத் தெரியாது. காதால் கேட்டதை மனப்பாடம் செய்திருக்கிறது. நினைவாற்றல் நன்றாக உள்ள பிள்ளைகள் இப்படி நான்கைந்து ஆண்டுகள்கூட யார் கண்ணிலும் படாமல் வந்துவிடுகிறார்கள். க, கா, கி, கீ என்று வரிசை பிசகாமல் சொல்வதும் இதே கதைதான். வரிசையைக் கலைத்துக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

அதனால் முதல் நாள் பாடம் எடுக்க வேண்டாம். பாடப்புத்தகத்தில் இல்லாத சொற்களை ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். முதலில் பத்துத் தனி எழுத்துகள், வரிசை மாற்றி: ழ, கீ, டு, லெ, நோ என்பது போல. அடுத்து கடல், பட்டம், கப்பல். அதற்கடுத்து தேங்காய், கொடை, மெதுவாக. கடைசியாக மூன்று வரிப் பத்தி. எங்கே தடுக்குகிறதோ, அதற்கு ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள். கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. கரும்பலகையே சரியாகத் தெரியாத பிள்ளையை 'மக்கு' என்று திட்டுவது பெரிய அநியாயம்.

247 எழுத்துகள் என்றதும் மலைக்க வேண்டாம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், சில குறிகள், அவற்றோடு உகர ஊகார வடிவங்கள், இவ்வளவுதான் கண்ணுக்குப் பழக வேண்டியவை. ப, ம, ட, க, ல, ர, த என்ற ஏழையும் புள்ளியையும் சேர்த்தே தொடங்குங்கள். முதல் வாரத்திலேயே படம், மரம், பகல், தகரம், பக்கம் என்று முழுச் சொற்கள் கிடைத்துவிடும். "பானா, டானா, இம்மன்னா" என்று எழுத்தின் பெயரைச் சொல்லிக் கூட்டினால் 'படம்' ஒருபோதும் வராது. ஒலியை மட்டும் சொல்லி, இடையில் நிறுத்தாமல் இழுத்துச் சேர்க்கப் பழக்குங்கள்.

பிறகு துணைக்கால். குறிலையும் நெடிலையும் சோடியாகவே கொடுங்கள்: கல் – கால், படம் – பாடம். அடுத்து விடு – வீடு, குடை – கூடை. உகரத்துக்கு ஒரே குறி கிடையாது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குழு. சு, பு, யு, வு இன்னொரு குழு. ணு, து, நு, லு, று, னு மற்றொன்று. வாரத்துக்கு ஒரு குழு போதும்.

அதிகம் பேர் சிக்குவது கொம்பில். எழுதும்போது முன்னால் நிற்கிறது, ஒலிக்கும்போது பின்னால் வருகிறது. கண்ணும் வாயும் ஒத்துப்போகாமல் பிள்ளை தடுமாறுகிறது. கொம்பைச் சிவப்பு மையில் எழுதிய அட்டைகள் செய்யுங்கள். முதலில் மெய்யெழுத்தின் மேல் விரல், பிறகு கொம்பின் மேல் விரல், அதன்பின் சேர்த்து ஒலி. கொடு – கோடு, கெடு – கேடு என்ற சோடிகள் இங்கே உதவும். எழுதும்போது 'கொ'வில் துணைக்காலை விட்டுவிட்டு 'கெ' என்று நிறுத்துவது வழக்கமான பிழை. "ஒரு சொல்லை எழுதி முடித்ததும் நீயே ஒருமுறை வாசித்துப் பார்" என்றால் பாதி பிழைகளைப் பிள்ளையே பிடித்துவிடும்.

ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்த்தி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். நேற்றைய அட்டைகளுக்கு ஐந்து நிமிடம், புதிய எழுத்துக்கும் சொல்லுக்கும் பத்து, பிள்ளை சத்தமாக வாசிக்கப் பத்து, சொல்வதை எழுதுதலுக்குப் பத்து. கடைசி ஐந்து நிமிடம் நீங்கள் ஒரு நல்ல கதையை வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும் பத்தியில் ஐம்பது சொல்லுக்கு ஐந்துக்கு மேல் தவறினால் பத்தி கடினம், மாற்றிவிடுங்கள். சரியான பத்தியை மூன்று நாள் திரும்ப வாசிக்க வையுங்கள். தடுக்கினால் உடனே சொல்லிக்கொடுக்காமல் மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள்; பின்பகுதியை விரலால் மூடி, முன்பகுதியை மட்டும் கூட்டச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டாதீர்கள், கூசிப்போகும். கிரிக்கெட், ஆட்டுக்குட்டி, பரோட்டாக் கடை என்று அதற்குப் பிடித்ததைப் பற்றி நீங்களே நாலு வரி எழுதிக் கொடுங்கள்.

எழுத்துப் பிழைகளில் பெரும்பகுதி பேச்சிலிருந்து வருகிறது. 'மரம்' என்பதன் கடைசி ம் பேச்சில் மூக்கோசையாகத் தேய்ந்துபோவதால் பிள்ளை 'மர' என்று எழுதும். நேத்து, காத்து, ஆத்துல என்று சொல்வதை அப்படியே எழுதும். தனித்தனியாகத் திருத்தாமல் நேத்து – நேற்று, காத்து – காற்று என்று வரிசையாக எழுதிக் காட்டினால் த்த, ற்ற ஆகும் ஒழுங்கை அதுவே கண்டுகொள்ளும். ந, ண, ன மூன்றுக்கும் பல இடங்களில் தெளிவான வழி உண்டு: சொல்லின் முதலில் ந, த-வுக்கு முன் ந் (பந்து), ட-வுக்கு முன் ண் (வண்டு), ற-வுக்கு முன் ன் (கன்று). ல, ள, ழ-வுக்கு அப்படி எளிய விதி கிடையாது. புலி – புளி, மலை – மழை, பல்லி – பள்ளி என்று வாரத்துக்கு ஐந்து சொற்களைப் படத்தோடு பழக்குவதுதான் வழி. வல்லினம் மிகும் இடங்களை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். நோட்டு முழுக்கச் சிவப்பு மையைப் பார்த்த பிள்ளை அடுத்த நாள் இரண்டே சொல் எழுதும். ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள்.

பத்துத் தடவை பார்த்து எழுதச் சொல்வதால் கைதான் வலிக்கும். அதற்குப் பதிலாக, சொல்லை ஒலித்துக்கொண்டே ஒருமுறை எழுதட்டும். மூடிவிட்டு மறுமுறை எழுதட்டும். திறந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

மூன்று மாதம் விடாமல் நடத்தியும் பழகிய எழுத்துகளே மறுநாள் மறந்துபோனால், சோம்பேறி என்று முடிவுகட்டாதீர்கள். டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் ஒரு குறைபாடாக ஏற்கிறது. பள்ளித் தலைமை ஆசிரியரிடம் சொல்லி மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை பாடத்தை நிறுத்த வேண்டாம். இதே முறைதான், வாரத்துக்கு இரண்டு எழுத்து என்ற வேகத்தில்.