ஃபியூம்டு சிலிக்காவில் வெப்பத்தடுப்புப் பலகை செய்யும் முறை

30 × 30 செ.மீ. பரப்பு, 25 மி.மீ. கனம் உள்ள ஒரு பலகைக்கு: ஃபியூம்டு சிலிக்கா (நானோ அளவுத் துகள்களாலான, மிக லேசான சிலிக்கா தூள்) 448 கிராம், 3–5 மைக்ரான் சிலிக்கான் கார்பைடு தூள் 84 கிராம், 6 மி.மீ. நீளத்தில் வெட்டிய சிலிக்கா இழை 28 கிராம். மூன்றும் எரியாதவை. பசை வேண்டாம், அது துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகளை அடைத்துவிடும், சூட்டில் கருகிப் புகையும்.

காரியம் நடப்பதே அந்தத் துளைகளால்தான். சாதாரண காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு மோதுமுன் சராசரியாக 70 நானோமீட்டர் போகும். அந்த அளவிலும் அதற்குக் குறைவாகவும் துளைகள் இருந்தால் மூலக்கூறுகள் வெப்பத்தைக் கைமாற்றுவது வெகுவாகக் குறையும். அசையாத காற்றின் கடத்துதிறனே 0.026 வாட்/மீ.கெல்வின், நல்ல பலகை அதற்கும் கீழே, 0.02 அளவில் நிற்கும்.

சிலிக்காவை 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்துங்கள். மாஸ்க் இல்லாமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள், தூள் அறை முழுக்கப் பறக்கும். வேகமாகச் சுழலும் மிக்சரில் சிலிக்காவையும் கார்பைடையும் சாம்பல் நிறம் சீராக வரும்வரை கலக்குங்கள். இழையைக் கடைசியில் போட்டு, பிரிந்து பரவியதும் நிறுத்திவிடுங்கள்; அதற்குமேல் ஓட்டினால் இழை பொடியாகி, பலகை ஓரம் உதிரும்.

கார்பைடு வெப்பத்தைக் கடத்துமே என்று அதைக் குறைப்பது பெரிய தவறு. 800 டிகிரியில் வெப்பத்தில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராக வரும். சிலிக்கா அதில் நிறையவற்றை உள்ளே விட்டுவிடும். மறிப்பது அந்தக் கருந்தூள்தான். அறை வெப்பநிலையில் சோதித்தால் இந்தக் குறை தெரியவே தெரியாது.

கலவை சுமார் 9 லிட்டர் இடம் பிடிக்கும். அதனால் அச்சின் சுவர் 15 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். மெதுவாக அழுத்துங்கள். அவசரப்பட்டால் காற்று உள்ளே மாட்டி, அழுத்தம் விட்டதும் பலகை பரோட்டா போல அடுக்கடுக்காகப் பிரியும். மூடியில் சிறு துளைகள் போட்டு அடியில் கண்ணாடித் துணி விரித்தால் காற்று வெளியேறும். விட்டதும் பலகை சற்றே எழும்பும், ஆகவே 23 மி.மீ.க்கு அழுத்திச் சில நிமிடம் பிடியுங்கள். இலக்கு கனமீட்டருக்கு 250 கிலோ. அதைவிட இறுகினால் துகளுக்குத் துகள் தொட்டு வெப்பம் கடக்கும். தளர்ந்தால் கையில் எடுக்கும்போதே உடையும்.

பலகையில் தண்ணீர் படவே கூடாது. நனைந்தது உலரும்போது நீரின் பரப்பு இழுவிசை துளைகளைச் சுருக்கிவிடும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் பழைய நிலை திரும்பாது. கண்ணாடித் துணியில் சுற்றி, ஈரம் வரும் பக்கம் அலுமினியத் தகடு வைத்துப் பொருத்துங்கள். சூடான பக்கம் 900 டிகிரியைத் தாண்டும் இடமானால், முன்னால் ஓர் அடுக்கு செராமிக் ஃபைபர் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இணையத் தொடங்கி, பலகை சுருங்கி, மூட்டுகளில் இடைவெளி விழும்.