டப்போவில் வேலை என்றார்கள்

பரந்தன் சந்தியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கடவுச்சீட்டுக் கொப்பி எடுக்க வருகிற பெடியள் சிலர் வெளிநாட்டு வேலை தருவதாகச் சொல்லும் ஒரு கடிதத்தையும் நீட்டி, "அண்ணை, இது உண்மையோ?" என்று கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் அம்மாவின் காப்பை அடகு வைத்து, ஒரு தரகரிடம் ஆறு லட்சம் கொடுத்து ஏமாந்தவன்தான். அப்போது தரகரைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்தேன், வேலையைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை. வயல் வாங்கும்போது அப்படியா செய்கிறோம்? இரணைமடு வாய்க்காலின் தலைப்பக்கமா, கடைவாலா, தண்ணீர் வந்து சேருமா என்று பக்கத்து வயல்காரரைத்தானே கேட்கிறோம்.

போன மாதம் ஒரு தம்பி கொண்டு வந்த கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். அவுஸ்திரேலியாவின் டப்போ நகரில் டிராக்டர் மெக்கானிக் வேலை, மணிக்கு 28 டொலர், விசா 494.

முதலில் விசா இலக்கம். 494 என்பது முதலாளி பொறுப்பேற்கும், மிகப் பெரிய நகரங்களுக்கு வெளியே உள்ள ஊர்களுக்கான ஐந்து வருட விசா. சிட்னி, மெல்பேர்ன், பிரிஸ்பேன் இதில் சேராது, பேர்த் சேரும். பழைய 187 விசாவை 2019 நவம்பரிலேயே புதிய ஆட்களுக்கு மூடிவிட்டார்கள். இன்னும் அதைச் சொல்லி "போனவுடன் பி.ஆர்." (நிரந்தர வதிவிடம்) என்பவரிடம் மேலே பேச ஒன்றும் இல்லை.

அடுத்து சம்பளம். இதில்தான் அந்தக் கடிதம் விழுந்தது. வாரம் 38 மணி, வருடம் 52 வாரம், மொத்தம் 1,976 மணி. அதை 28 ஆல் பெருக்கினால் 55,328 டொலர். 2025 ஜூலை 1 முதல் இந்த விசாவுக்குக் குறைந்தது 76,515 டொலர் வேண்டும், அதாவது மணிக்கு 38 டொலர் 72 சதம். ஒவ்வொரு ஜூலையிலும் அந்தத் தொகை கூடும். தம்பி கல்குலேட்டரை இரண்டு தரம் தட்டிப் பார்த்தான்.

சரி, சம்பளம் சரியாக இருந்தாலும் கம்பனி இருக்க வேண்டுமே. அங்கே ஒவ்வொரு கம்பனிக்கும் ஏ.பி.என். என்று 11 இலக்க எண் உண்டு. அரசாங்கத்தின் ஏ.பி.என். தேடல் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எப்போது பதிந்தது, எந்தத் தபால் குறியீடு, ஜி.எஸ்.டி. என்ற விற்பனை வரிக்குப் பதிவு உண்டா என்று காட்டும். வருடத்துக்கு 75,000 டொலர் வியாபாரம் நடந்தாலே கம்பனி ஜி.எஸ்.டி.க்குப் பதிய வேண்டும். பதியாத கம்பனி உங்களுக்கு 76,515 எங்கிருந்து கொடுக்கப் போகிறது?

அப்புறம் ஒரு போன். கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு வேண்டாம், நீங்களே தேடியெடுத்த இலக்கத்துக்கு. இங்கே காலை ஆறு மணிக்கு அங்கே பத்தரை, அவர்களின் கோடையில் பதினொன்றரை. அதே ஊரில் அதே வேலைக்கு வந்திருக்கும் விளம்பரங்களையும் பாருங்கள், ஊர்க்காரனுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று.

பலருக்குத் தெரியாத ஒன்று: 494க்கு முதலாளி கேட்கும்போது, அந்தப் பிராந்தியத்துக்கென்று அரசு அங்கீகரித்த சான்று அமைப்பு ஒன்றின் கருத்தும் வேண்டும். அந்த ஊரில் அதே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குக் கிடைப்பதை விடக் குறைவாக உங்களுக்குத் தரப்படுகிறதா என்பதை அது பார்க்கிறது. முதலாளிக்கும் தரகருக்கும் வெளியே நின்று பார்க்கும் கண் அதுதான். "எந்த அமைப்பிடம் கொடுத்தீர்கள், பதில் வந்ததா, பிரதி தருவீர்களா" என்று கேளுங்கள். பெயர் சொன்னால், அவுஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களத்தின் பட்டியலில் அது டப்போ பகுதிக்குரியதா என்று சரிபாருங்கள். நல்ல பதில் வந்தாலும் அது விசா இல்லை, ஒரு படிதான்.

காசு விஷயம். வேலை தருவதற்காக முதலாளி காசு வாங்குவது அங்கே 2015 டிசம்பர் முதல் சட்டவிரோதம். கொடுத்தவரின் விசாவும் போகலாம். முதலாளி கட்ட வேண்டிய பயிற்சி வரியை உங்கள் தலையில் போடவும் முடியாது. சிறிய கம்பனிக்கு அது 3,000 டொலர், பெரியதற்கு 5,000. விசா விண்ணப்பக் கட்டணம் வேறு, அதை நீங்கள் கட்டலாம். அவுஸ்திரேலியாவில் பதிந்த குடிவரவு முகவர் என்று சொன்னால் அவருக்கு ஏழு இலக்கப் பதிவெண் இருக்க வேண்டும். இங்குள்ள ஏஜென்சியின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் 1989க்கு அழைத்துக் கேளுங்கள்.

அந்தத் தம்பி தரகருக்குப் போன் போட்டு, சான்று அமைப்பின் பெயரைக் கேட்டான். "நாளைக்குச் சொல்கிறேன்" என்றாராம். அது மூன்று கிழமைக்கு முந்திய கதை. தம்பி இப்போது விசாவுக்கான திறன் மதிப்பீட்டுக்குக் கொடுக்க, வேலை செய்த கராஜ்களின் கடிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். கொப்பிக்கு நான் காசு வாங்குவதில்லை.