வன உரிமைச் சட்டத்தின்கீழ் மலைக்கிராமம் தன் கிராம சபையை நடத்தும் முறை

ஊராட்சி மன்றம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூட்டுகின்ற கிராம சபையும், காட்டில் வாழும் பழங்குடியினர் முதலியோருக்கு அங்குள்ள நிலத்தின்மீதும் வளத்தின்மீதும் உள்ள உரிமைகளை ஏற்கும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் குறிப்பிடும் கிராம சபையும் ஒன்று என்று பல அலுவலகங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. இதை ஏற்றுக்கொண்டால் மலைக்கிராம மக்கள் தொடக்கத்திலேயே தோற்றுப்போவார்கள். பத்துப் பதினைந்து சிற்றூர்கள் சேர்ந்த ஓர் ஊராட்சியின் பொதுக்கூட்டத்தில் இருளர் குடியிருப்பு ஒன்றின் குரல் எடுபடுவது அரிது. வன உரிமைச் சட்டமோ, பழங்குடியினரின் சிற்றூர் ஒவ்வொன்றிலும் வாழும் வயதுவந்தோர் அனைவரும் சேர்ந்ததையே கிராம சபையாகக் கொள்ள இடமளிக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட விதிகள், ஊராட்சி தன் எல்லைக்குள் உள்ள சிற்றூர்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும் என்றும், அந்தந்தச் சிற்றூரின் சபை அதைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆகவே முதல் வேலை, ஊராட்சிச் செயலரிடம் அந்தப் பட்டியலைக் கேட்டு, உங்கள் ஊர் தனிப்பெயருடன் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் சேர்க்கக் கோரி எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

சபையின் முதல் கூட்டத்திலேயே, உரிமைக் கோரிக்கைகளைப் பெற்றுச் சரிபார்க்கும் வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் பத்துப் பேருக்குக் குறையாமலும் பதினைந்து பேருக்கு மிகாமலும் உறுப்பினர்கள் இருக்கலாம். மூன்றில் இரண்டு பங்கினர் பழங்குடியினராகவும் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருப்பது கட்டாயம். குழு தனக்குள் ஒரு தலைவரையும் செயலாளரையும் தேர்ந்தெடுத்து, அந்த விவரத்தை சபை அனுப்பும் கோரிக்கைகளை அடுத்த நிலையில் பரிசீலிக்கும் உட்கோட்ட அளவிலான குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். கூட்டம் செல்லுபடியாக, சபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும்; வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். உரிமைக் கோரிக்கைகளைப் பற்றித் தீர்மானம் போடும் நாளில், கோரிக்கை வைத்தவர்களிலும் பாதிப் பேர் இருக்க வேண்டும். ஊரில் 120 வயதுவந்தோர் இருந்தால், 60 பேர் வர வேண்டும். அந்த 60 பேரில் 20 பேர் பெண்கள். தேன் எடுக்கவும் சீமார் புல் அறுக்கவும் ஆட்கள் காட்டுக்குள் போயிருக்கும் நாட்களில், அதிகாரியின் வசதிக்காகக் கூட்டம் வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். எல்லாரும் வீடு திரும்பிய மாலை நேரமே சபைக்கு ஏற்றது.

தீர்மானப் பதிவேட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நியாயமான கோரிக்கைகள் பல இங்கேதான் கெட்டுப்போகின்றன. பதிவேடு குழுச் செயலாளரின் பொறுப்பில் ஊரிலேயே இருக்க வேண்டும். அதை அலுவலகத்தில் கொடுத்துவைக்கக் கூடாது. வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைரேகையோ கேட்டால், கேட்பவர் எவ்வளவு வேண்டியவராயினும் மறுத்துவிடுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாள், இடம், தொடங்கிய நேரம், மொத்த உறுப்பினர் எண்ணிக்கை, வந்த ஆண்கள், பெண்கள் என முதலில் எழுதுங்கள். அடுத்து, பேசப்பட்டதை ஊரார் சொன்ன சொற்களிலேயே எழுதி, எல்லாருக்கும் உரக்கப் படித்துக்காட்டி, அதன்பின் கையெழுத்து வாங்குங்கள். “பாதை வசதி வேண்டும்” என்று எழுதினால் அது வெறும் மனு. “எங்கள் ஊரின் கிழக்கு எல்லையான ஓடையிலிருந்து மேல்பாறை வரை, நாங்கள் கடுக்காயும் நெல்லியும் பொறுக்கும் வழித்தடத்தின்மீது எங்களுக்குள்ள சமுதாய உரிமையைச் சட்டத்தின் 3(1)ஆம் பிரிவின்படி உறுதிசெய்து இச்சபை தீர்மானிக்கிறது” என்று எழுதினால் அது சட்டப்படியான முடிவு.

தனிநபர் நிலத்துக்கு ஏ படிவம், ஊரார் பொதுவில் அனுபவிக்கும் சமுதாய உரிமைக்கு பி படிவம், காட்டு வளத்தைக் காத்து நிர்வகிக்கும் உரிமைக்கு சி படிவம். பெரும்பாலான ஊர்கள் ஏ படிவத்தோடு நின்றுவிடுவது எனக்குப் பெரும் வருத்தம், ஏனென்றால் சி படிவமே ஊர் முழுவதற்கும் காட்டின்மீது பொறுப்பும் அதிகாரமும் தருகிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் குறைந்தது இரண்டு சான்றுகள் தேவை. கோரிக்கை வைக்காத முதியவர் ஒருவர் சொல்வதை எழுதிக் கையொப்பம் பெற்றால் அது ஒரு சான்று. முன்னோரைப் புதைத்த இடம், பழைய கிணறு, குலதெய்வக் கல் ஆகியவை இன்னொன்று. செயற்கைக்கோள் படத்தில் உங்கள் பயிர் தெரியவில்லை என்று யாரேனும் மறுத்தால், அத்தகைய படம் மற்றச் சான்றுகளுக்குத் துணையே தவிர அவற்றுக்கு மாற்றாகாது என்று விதி 12ஏ கூறுவதை எடுத்துக்காட்டுங்கள்.

களஆய்வுக்கு வரும் வனத்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் ஆய்வு நடவடிக்கைகளில் பதவி, நாள், கருத்து ஆகியவற்றுடன் கையொப்பமிட வேண்டும். அதை அங்கேயே கேட்டு வாங்குங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால், அந்த முடிவை உரியவரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு 60 நாட்கள் உண்டு. கோரிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் சொல்லாவிட்டால், பத்து ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுச் செய்யலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. விசாரணையும் சரிபார்ப்பும் முடியும்வரை எவரையும் நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 4(5)ஆம் பிரிவு தடுக்கிறது.

உரிமை கிடைத்தபின் கண்காணிப்பும் சபையின் வேலையே. பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை போன்றவற்றுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை 3(2)ஆம் பிரிவின்கீழ் ஒதுக்கவும் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். நடக்காத கூட்டத்தின் பெயரில் இந்தப் பரிந்துரையைப் பழைய தேதியிட்டு வாங்க முயன்றால், கூட்டம் நடக்கவில்லை என்பதைப் பதிவேட்டில் எழுதி மாவட்ட ஆட்சியருக்கு நகல் அனுப்புங்கள். சபையின் முடிவுக்கு உள்ள வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டும் திட்டத்தால் தங்கள் சமய, பண்பாட்டு உரிமைகள் பாதிக்கப்படுமா என்பதை ஊர்ச் சபைகளே ஆராய்ந்து முடிவெடுக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதன்படி கூடிய 12 சபைகளும் ஒன்றுபோல் சுரங்கத் திட்டத்தை மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசு அனுமதி மறுத்தது.

அலுவலர் எவரேனும் சட்டத்தை மீறினால், சபை தீர்மானம் போட்டு மாநில அளவிலான கண்காணிப்புக் குழுவுக்கு அறிவிப்பு அனுப்பலாம். அறுபது நாட்களுக்குள் அக்குழு நடவடிக்கை எடுக்கவில்லையெனில், 8ஆம் பிரிவின்படி சபை நீதிமன்றத்தை நாடலாம். அந்த அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பதிவேட்டில் அந்தத் தீர்மானம் உள்ள பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.