வயசான நாய்க்கு இன்சூரன்ஸ்: போடலாமா, பணமாகச் சேர்க்கலாமா?

நாய்க்கு ஆறு வயது தாண்டியதுமே இதை யோசிக்க ஆரம்பிக்க வேண்டும். நம் நாட்டில் கிடைக்கும் நாய் பாலிசிகளில் பலவும் 7 அல்லது 8 வயதுக்கு மேல் புதிதாகச் சேர்த்துக்கொள்வதில்லை. கிரேட் டேன் போன்ற பேருருவ இனங்களுக்குச் சில பாலிசிகளில் 4 வயதுதான் எல்லை. முன்பே எடுத்த பாலிசியைப் புதுப்பிக்கவும் ஓர் உச்ச வயது உண்டு. ஏஜெண்டிடம் பிரீமியம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் இந்த இரண்டு வயதையும் கேளுங்கள். அடுத்த வருஷமே புதுப்பிக்க முடியாமல் போகும் பாலிசிக்குப் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை.

வயதுக்குச் சான்று கேட்பார்கள். சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கம் வாங்கிய சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களுக்குப் பெரும்பாலும் பதிவுக் காகிதம் இருக்காது. குட்டியில் போட்ட முதல் தடுப்பூசி அட்டைதான் அப்போது நல்ல ஆதாரம். அதுவும் இல்லையென்றால் டாக்டர் பல்லைப் பார்த்து உத்தேச வயது எழுதித் தருவார். பால் பல் விழுந்து நிலைப்பல் வந்த பிறகு தேய்மானத்தை வைத்துச் சொல்வது தோராயம்தான். எலும்பு கடிக்கும் நாய்க்குப் பல் சீக்கிரம் தேயும், வயது கூடுதலாகத் தெரியும். நாட்டு நாயையும் கலப்பினத்தையும் எடுத்துக்கொள்ளாத பாலிசிகளும் இருப்பதால் இனத்தை உள்ளபடி சொல்லியே விசாரியுங்கள்.

அடுத்தது உடல் பரிசோதனை. எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை வளாகத்துக்கோ, ரத்தப் பரிசோதனை வசதியுள்ள கிளினிக்குக்கோ காலையில் வெறும் வயிற்றோடு கொண்டுபோங்கள். தண்ணீர் கொடுக்கலாம். முழு ரத்த எண்ணிக்கை, யூரியா, கிரியாட்டினின், கல்லீரலுக்கு எஸ்.ஜி.பி.டி., சர்க்கரை, சிறுநீர், உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பூச்சுப் பரிசோதனை, இவ்வளவும் வேண்டும். கிரியாட்டினின் மட்டும் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். சிறுநீரகம் பெரும்பகுதி கெட்ட பிறகுதான் அந்த எண் ஏறும். சிறுநீரின் அடர்த்தி அதற்கு முன்பே குறையத் தொடங்கும். கருத்தடை செய்யாத பெட்டை என்றால் மடியில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கருப்பையில் சீழ் பிடித்திருக்கிறதா என்று ஸ்கேனும் எடுங்கள். இந்த வயதில் திடீரென்று பெரிய செலவு வைப்பவை இவைதான்.

ஏதாவது தெரிந்தால் அதை மறைத்துப் பாலிசி எடுக்கவே கூடாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு இன்சூரன்ஸ் பணம் தராது. மறைத்தது பின்னால் தெரிந்தால், சம்பந்தமில்லாத வேறு கிளெய்மையும் நிராகரிக்க அது ஒரு காரணமாகிவிடும். பரிசோதனையில் சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ தெரிந்துவிட்டால் பிரீமியப் பணத்தை மருந்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது. எல்லாம் சரியாக இருந்தால் அந்த அறிக்கை, பாலிசி எடுத்த நாளில் நாய் நன்றாக இருந்ததற்குச் சாட்சி. பத்திரமாக வையுங்கள்.

இனி கணக்கு. ஒரு உதாரணத்துக்கு, வருஷ பிரீமியம் வரியோடு 7,000 ரூபாய். ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 2,000 உங்களுடையது, மீதியில் 20 சதவீதமும் உங்களுடையது. 20,000 ரூபாய் அறுவைச் சிகிச்சைக்கு 18,000-இல் 80 சதவீதம், அதாவது 14,400 கைக்கு வரும். இரண்டு வருஷ பிரீமியம் 14,000. அப்படியானால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இந்த அளவு பில் வந்தால்தான் போட்டது திரும்பும். இதற்கு மேல், ஆய்வகச் செலவுக்கும் டாக்டர் ஃபீஸுக்கும் தனித்தனி உச்சவரம்பு இருந்தால் இன்னும் குறையும். உங்களுக்குக் கிடைக்கும் எண்களை இதே வரிசையில் போட்டுப் பாருங்கள்.

பாலிசி நகலில் தேடிப் பார்க்க வேண்டியவை: கிளெய்ம் செய்ய ஆரம்பத்தில் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், பல் சிகிச்சை உண்டா, படுக்க வைக்காமல் பார்க்கும் வைத்தியம் உண்டா, உண்ணியால் வரும் நோய் விலக்கப்பட்டிருக்கிறதா. தடுப்பூசி தவறினால் பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் கிளெய்ம் நிற்காது. மழைக்கால நெல்லான பிசான சாகுபடி நேரத்தில் வயலில் எலி நடமாட்டமும் ஈரமும் சேர்ந்திருக்கும். தாமிரபரணிக் கால்வாய்ப் பக்கம் இருப்பவர்கள் எலிக்காய்ச்சல் ஊசியை மழைக்கு முன்னமே போட்டு, தேதியும் மருந்தின் ஸ்டிக்கரும் அட்டையில் ஏறியதா என்று பாருங்கள். வேட்டை, ஓட்டப் பந்தயம், இனப்பெருக்கத் தொழில் ஆகியவற்றுக்குப் பயன்படும் நாய்களைப் பல பாலிசிகள் ஒதுக்கிவிடும். முயல் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றமும் கூட.

இறப்புக்கான தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது நாயின் சந்தை மதிப்பை ஒட்டியது, வயதாக ஆக அது தேய்ந்துவிடும். மருத்துவச் செலவும், கடித்தால் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈடும்தான் வயசான நாய்க்குப் பயன்படும் பகுதிகள். கண்புரை விழுந்த நாயும் காது மந்தமான நாயும் யாராவது திடீரென்று தொட்டால் பதறிக் கடித்துவிடும், பாவம்.

பாலிசி வேண்டாம் என்று முடிவானால் அதே பிரீமியத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் தனி சேமிப்புக் கணக்கில் போடுங்கள். இதற்குத் தபால் ஆபீஸ் ஆர்.டி. சரிப்படாது. அது 5 வருஷத் திட்டம், 3 வருஷத்துக்கு முன் முடிக்க முடியாது. நாய்க்கு ராத்திரி பதினோரு மணிக்கு வயிறு உப்பினால் அந்தப் பணம் உதவாது. தொடக்கத்திலேயே ஒரு அறுவைச் சிகிச்சைக்கான தொகையை மொத்தமாகப் போட்டு வைத்தால்தான் இந்த வழி நிற்கும்.

பாலிசி எடுத்தால் மைக்ரோசிப் போட்டுவிடுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் போடும் 15 இலக்கச் சிப் அது. நோயில் படுத்திருக்கும் நாய் பாலிசி எடுத்த நாய்தானா என்ற சந்தேகத்தில்தான் பல கிளெய்ம் இழுபடும். பில்லில் நாயின் பெயர், சிப் எண், டாக்டரின் பதிவு எண், முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். மருந்துக் கடையில் துண்டுச்சீட்டில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். மாட்டாஸ்பத்திரியில் இலவசமாகப் பார்த்தாலும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், நோய் என்று தொடங்கியது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

நாய் இறந்துவிட்டால், எவ்வளவு துக்கமாக இருந்தாலும் அன்றே தோட்டத்தில் புதைத்துவிட வேண்டாம். முதலில் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் இறப்புத் தொகை கிடைப்பது கடினம். நம்மூர் வெயிலில் சில மணி நேரத்திலேயே உடல் கெடத் தொடங்கிவிடும், அதனால் டாக்டர் வரும்வரை ஐஸ் கட்டிகளைச் சுற்றி அடுக்கி நிழலில் வையுங்கள். தீராத வேதனைக்காகக் கருணை ஊசி போடுவதானால் ஊசிக்கு முன்பே டாக்டரின் எழுத்துச் சான்றும் கம்பெனியின் சம்மதமும் கையில் இருக்க வேண்டும்.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி 30 நாளில் பதில் இல்லையென்றாலும், வந்த பதில் சரியில்லையென்றாலும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஒரு வருஷத்துக்குள் மனு அனுப்பலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் உதவி எண் 155255.